சட்டி ஓட்டுக்கு வயது சொல்வது எப்படி?

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில், உம்மாவின் கலியாணப் பீங்கான்களுக்குப் பக்கத்தில், பழைய பிஸ்கட் தகரம் ஒன்று இருக்கிறது. அதற்குள் பஞ்சில் பொதிந்து வைத்த சின்ன ஓட்டுத்துண்டு. ஒரு பக்கம் மயில்கழுத்து நிறத்தில் மெருகு, மறுபக்கம் வெளிறிய மஞ்சள் மண். தரம் 6 இல் படித்தபோது விடுமுறைக்கு மன்னாரில் இருக்கும் மாமி வீட்டுக்குப் போயிருந்தோம். அப்போது மணலில் மின்னிக்கொண்டு கிடந்ததை எடுத்து வந்தேன். அதைச் சுற்றிப் பழுப்பு நிறச் சட்டி ஓடுகளும் நிறையக் கிடந்தன. அவற்றை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

இந்த வருடம் உயர்தர வரலாற்றுப் பாடத்தில் பண்டைய வர்த்தகம் பற்றிப் படித்தபோது, அந்தத் துண்டை வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஆசிரியை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கே எடுத்தீங்க மகள்?" என்று கேட்டார். மன்னாரில் என்றேன். "மன்னாரில் எந்த இடத்தில்?" எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு ஏன் அவ்வளவு பெறுமதி என்பதைத் தேடிப் படித்ததில் விளங்கிக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மட்பாண்டம் எளிதில் உடையும். உடைந்த பிறகு அழியாது. மரம் உக்கும், துணி மக்கும், கூரை ஓலை ஒரு தலைமுறைக்கும் நில்லாது. இரும்பையும் செம்பையும் உருக்கி வேறொன்று செய்துவிடுவார்கள். உடைந்த சட்டியோ எவருக்கும் வேண்டாம். நம் ஊர்ப் பிள்ளைகள் பாண்டி விளையாடச் சில்லு எடுப்பதைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை. ஆகவே மனிதர் வாழ்ந்த இடங்களிலெல்லாம் அது எறிந்த இடத்திலேயே கிடக்கிறது. சூளையில் வெந்த களிமண் ஆயிரம் வருடம் மழையில் கிடந்தாலும் மறுபடி சேறாவதில்லை. அதோடு, சட்டியின் வாய் விளிம்பு, கழுத்து, அடி ஆகியவற்றின் வடிவம் காலத்துக்குக் காலம் மாறுகிறது. உம்மாவின் கலியாண உடுப்பின் படத்தைப் பார்த்து, அது எந்தக் காலம் என்று நாம் சொல்லிவிடுகிறோம் அல்லவா? ஓட்டைப் பார்த்துக் காலம் சொல்வதும் அப்படித்தான்.

புதைந்த ஓடு மேலே எப்படி வருகிறது என்பதை மலையகத்தில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நானுஓயாவில் ஒரு வாரம் அடைமழை பெய்தால், சரிவில் மேல்மண் கரைந்து கீழே இருந்ததெல்லாம் தலைகாட்டும். தேயிலை மலையில் கான் வெட்டும்போதும், மரக்கறிப் பாத்தி கொத்தும்போதும் அடிமண் மேலே வரும். வன்னியிலும் மன்னாரிலும் ஏர், குள வேலை, கறையான் புற்று, வளை தோண்டும் விலங்குகள் ஆகியன இந்த வேலையைச் செய்கின்றன. இதனால் மேற்பரப்பில் கிடப்பது ஒரே காலத்துக்குரியதாக இருப்பதில்லை. 2000 வருடப் பழைய ஓடும் போன வருடம் உடைந்த தேத்தண்ணிக் கோப்பையும் அருகருகே கிடக்கும்.

இந்தக் கலவையிலிருந்து ஒழுங்கான செய்தி பெற, பொறுக்கும் முறை ஒழுங்காக இருக்க வேண்டும். நம் நாட்டில் இதற்கு நல்ல உதாரணம், அநுராதபுரத்தின் சுற்றுப்புறத்தில் 2005 இல் தொடங்கிப் பல வருடங்கள் நடந்த கள ஆய்வு. இங்கிலாந்தின் பேராசிரியர் ரொபின் கொனிங்ஹாமும் இலங்கையின் பேராசிரியர் பிரிசாந்த குணவர்தனவும் அதற்குத் தலைமை தாங்கினார்கள். பழைய நகரத்திலிருந்து 50 கிலோமீற்றர் ஆரத்துக்கு உட்பட்ட நிலத்தை எடுத்துக்கொண்டு, அதில் நேர்கோடுகளைத் தெரிந்தெடுத்தார்கள். அந்தக் கோடு போகும் வழியில் வயல் வந்தாலும் பற்றைக்காடு வந்தாலும் இடைவெளி விட்டு வரிசையாக நடந்தார்கள். அழகான இடம், பெயர்பெற்ற இடம் என்று தேடிப் போகவில்லை. அதுதான் அந்த முறையின் பலம். தூபியும் கல்தூணும் உள்ள இடத்தை மட்டும் பார்த்தால், தூபியும் கல்தூணும் மட்டுமே இருந்த நாடு என்றுதானே தோன்றும்?

ஓடுகள் பரவிக் கிடக்கும் இடத்தைக் கண்டால், முதலில் அதன் இருப்பிடத்தைக் கருவியால் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கயிற்றால் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தில் பொறுக்கியதையும் தனிப் பையில் போட்டு, உள்ளே ஒரு சீட்டும் வெளியே ஒரு சீட்டும் வைக்க வேண்டும். (வெளிச்சீட்டு மழையில் அழிந்துவிட்டால் உள்ளே ஒன்று இருக்குமே!) ஓடுகளைக் கழுவி, நிழலில் உலர்த்தி, எண்ணி, நிறுப்பார்கள். வாய் விளிம்பு, அடிப்பகுதி, கோலம் போட்ட துண்டு ஆகியன காலம் சொல்லக்கூடியவை. சட்டியின் நடுவயிற்றுத் துண்டுகள் அவ்வளவாகப் பேசாது. ஆனாலும் அவற்றையும் எண்ணாமல் விடக்கூடாது.

விளிம்புத் துண்டு கையளவு இருந்தாலும் போதும், முழுச் சட்டியின் அளவையும் கண்டுபிடிக்கலாம். ஒரே மையத்தில் பல வட்டங்கள் வரைந்த தாளின் மீது துண்டை வைத்து, எந்த வட்டத்தோடு அதன் வளைவு பொருந்துகிறது என்று பார்த்தால், வாயின் அகலம் தெரிந்துவிடும். ஓரத்தில் சிறு பகுதியைப் புதிதாக உடைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், களிமண்ணோடு மணல் கலந்தார்களா, உமி கலந்தார்களா, சூளையில் நன்றாகக் காற்றுப் பட்டதா என்பதும் தெரியும். கறுப்பு சிவப்பு மட்பாண்டம் என்று பாடத்தில் படிக்கிறோம். உள்ளும் விளிம்பும் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. பாண்டத்தைக் கவிழ்த்துச் சுட்டபோது, மூடிய பகுதிக்குக் காற்றுப் போகாமல் கறுத்தது என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். பொம்பரிப்பிலும் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையிலும் கிடைத்தது இந்த வகைதான். பொன்னம்பலம் இரகுபதி யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆதிக் குடியிருப்புகளைத் தேடி ஆராய்ந்து 1987 இல் வெளியிட்ட நூலுக்கு, இப்படி நிலத்தில் கிடந்த ஓடுகளே பெரும் ஆதாரம்.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். ஓட்டில் திகதி எழுதியிருப்பதில்லை. அப்படியானால் வயது எங்கிருந்து வருகிறது?

மேலே கிடக்கும் ஓட்டுக்கு வயது கீழேயிருந்துதான் வருகிறது. எங்காவது ஓரிடத்தில் ஆழமாக, படைபடையாக அகழ்ந்து ஓர் ஏணி செய்துகொள்ள வேண்டும். அநுராதபுரக் கோட்டைப் பகுதியில் 1989 முதல் கொனிங்ஹாமும் கலாநிதி சிரான் தெரணியகலவும் நடத்திய அகழாய்வு அப்படிப்பட்ட ஏணி. குழி ஏறத்தாழ 10 மீற்றர் ஆழம் போனது. கீழ்ப்படை பழையது, மேற்படை புதியது. ஒவ்வொரு படையிலும் உள்ள கரித்துண்டின் வயதைக் காபன் 14 முறையால் அளந்து, அதே படையில் எந்த வகை ஓடு இருக்கிறது என்று பட்டியல் இட்டார்கள். நாணயம் கிடைத்தால் அது இன்னொரு சாட்சி. அதன் பிறகு, சுற்றுக் கிராமத்தில் அதே விளிம்புள்ள துண்டு கிடைத்தால், ஏணியின் எந்தப் படிக்கு உரியது என்று பார்த்துக் காலம் சொல்லலாம். திஸ்ஸமஹாராமையில் ஜேர்மனியரும் நமது தொல்பொருள் திணைக்களமும் செய்த அகழாய்வு தெற்குக்கு இன்னோர் ஏணியைத் தந்தது. மத்திய அமெரிக்காவின் மாயா மக்களின் பழைய ஊர்களுக்கும் வழி இதுதான். அங்கே வாஷக்தூன் என்ற இடத்தின் ஓட்டு வரிசையை வைத்தே சுற்றியுள்ள காட்டு ஊர்களுக்கு நெடுங்காலம் வயது சொன்னார்கள். மாயா மக்கள் நாட்காட்டித் திகதி பொறித்த கற்களை நட்டு வைத்தவர்கள் என்பதால், அவர்களுடைய ஏணிக்கு நம்முடையதைவிட உறுதியான பிடிமானம் இருந்தது.

ஏணியே தவறாகச் சாய்ந்திருந்தால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு கதை உண்டு. 1945 இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் மோர்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். அங்கே மெல்லிய சாம்பல் நிறத் தட்டுகள் கிடைத்தன. தட்டின் உட்புறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளாலான வட்ட வரிசைகள். ரௌலட்டட் என்று அந்த வகைக்குப் பெயர். இத்தாலிப் பாண்டங்களும் அங்கே கிடைத்ததால், இந்தப் புள்ளிக்கோலமும் மத்தியதரைக் கடல் நாடுகளின் செல்வாக்கால் வந்தது, கி.பி. முதலாம் நூற்றாண்டையொட்டியது என்று அவர் முடிவு செய்தார். அதற்குப் பிறகு எங்கே அந்தத் தட்டு கிடைத்தாலும் அந்த இடத்துக்கு அதே வயது கொடுத்தார்கள். பின்னால் விமலா பெக்லி அரிக்கமேட்டை மீண்டும் ஆராய்ந்தபோதும், அநுராதபுரத்தின் படைகளை அளந்தபோதும், அது கிறிஸ்துவுக்கு முன்பே புழக்கத்தில் இருந்தது தெரியவந்தது. களிமண்ணைப் பரிசோதித்தவர்கள் அது தெற்காசியாவிலேயே செய்யப்பட்டது என்றார்கள். ஒரு தட்டின் வயது மாறியதும், அதை நம்பி வயது சொன்ன ஊர்களின் வயதெல்லாம் மாறின. கிரேக்கரும் ரோமரும் வந்துதான் நம் கடற்கரைக்கு வர்த்தகம் கற்றுக்கொடுத்தார்கள் என்ற எண்ணமும் ஆட்டம் கண்டது. இதை வாசித்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

என் நீலத் துண்டின் கதைக்கு மன்னார்ப் பக்கம் போக வேண்டும். திருக்கேதீச்சரத்தை ஒட்டியுள்ள மாந்தை, அநுராதபுர அரசர் காலத்துப் பெரிய துறைமுகம். பீங்கான் ஆய்வில் பெயர்பெற்ற ஜோன் கார்ஸ்வெல் 1970களில் இந்தியா, இலங்கைக் கடற்கரைகளில் சீன, இஸ்லாமிய ஓடுகளைத் தேடி அலைந்தார். ஊர்காவற்றுறைத் தீவின் அல்லைப்பிட்டியில் சீனாவின் சொங் காலப் பாண்டங்களைக் கண்டார். பிறகு மாந்தையில் 1980 முதல் 1984 வரை அகழாய்வு நடத்தினார். போர்ச்சூழலால் வேலை நின்றது. அந்த அகழாய்வின் நூல் 2013 இல்தான் வெளிவந்தது. ஈராக், ஈரான் பக்கத்து நீலப்பச்சை மெருகுச் சாடிகளின் துண்டுகளும் சீன ஓடுகளும் மாந்தையில் கிடைத்தன. பீங்கான் என்று நாம் நாள்தோறும் சொல்லும் சொல்லும் பாரசீகத்திலிருந்து வந்ததாக அகராதி சொல்கிறது. பண்டமும் பெயரும் அந்தக் கடல் வழியாகப் பயணம் செய்தவைதான்.

இந்த ஓடுகளுக்கு வயது சொல்ல இரண்டு பிடிமானங்கள் உதவின. முதலாவது ஸமர்ரா. ஹாரூன் அர் ரஷீதின் மகனான கலீபா அல் முஃதஸிம் கி.பி. 836 இல், ஹிஜ்ரி 221 இல், பக்தாதைவிட்டு அங்கே தலைநகரை மாற்றினார். 892 இல் அரசு மீண்டும் பக்தாதுக்குப் போய்விட்டது. ஆகவே அங்கே கிடைத்த மெருகுப் பாண்டங்கள் அந்த 56 வருடங்களுக்கு உரியவை என்று ஆய்வாளர் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கலீபா போனால் ஊரார் எல்லோருமா போய்விடுவார்கள்? மக்கள் அதன் பிறகும் அங்கே சமைத்தார்கள், பாண்டங்களை உடைத்தார்கள். இது தெரிந்த பிறகு அந்தக் கணக்கைச் சற்றுத் தளர்த்த வேண்டியதாயிற்று.

இரண்டாவது பிடிமானம் கடலுக்கடியில் கிடைத்தது. 1998 இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்கு அருகே மூழ்கிய கப்பல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. ஆணியில்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய, அரபு முறைக் கப்பல். அதில் ஏறத்தாழ 60,000 பாண்டங்கள். பெரும்பாலானவை சீனாவின் சாங்ஷா சூளைகளில் செய்த கிண்ணங்கள். அவற்றுள் ஒரு கிண்ணத்தில் சீன அரசரின் ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டிருந்தது. கணக்கிட்டால் கி.பி. 826, ஹிஜ்ரி 211. ஒரு கப்பலில் இருந்தவை எல்லாம் ஒரே நாளில் மூழ்கியவை. அதில் கலவைக்கு இடமில்லை. சாங்ஷா ஓடு மாந்தையிலும் உண்டு. எனவே நம் மண்ணில் கிடக்கும் துண்டுக்கும் அந்த ஒற்றைக் கிண்ணம் சாட்சி சொல்கிறது.

இவ்வளவையும் படித்த பிறகு நானும் முயன்று பார்க்க ஆசைப்பட்டேன். எங்கள் சாச்சா குத்தகைக்கு எடுத்துக் கறட் போடும் நிலம், இடிந்துபோன பழைய துரை பங்களா ஒன்றின் கீழ்ச்சரிவில் இருக்கிறது. அறுவடை முடிந்து பாத்தி வெறுமையாக இருந்த ஒரு சனிக்கிழமை, தங்கையும் நானும் கயிறு பிடித்துப் பன்னிரண்டு சதுரம் போட்டோம். வண்ணத்துண்டு, மண்துண்டு என்று பார்க்காமல் எல்லாவற்றையும் பொறுக்கினோம். தங்கைக்கு அரை மணித்தியாலத்தில் அலுத்துவிட்டது.

அடியில் முத்திரை இருந்த துண்டுகள் மூன்றுதான். ஒன்றில் வைர வடிவக் குறி. பிரித்தானியாவில் வடிவமைப்பைப் பதிவு செய்ததற்கான அந்தக் குறி 1842 முதல் 1883 வரை மட்டும் வழக்கில் இருந்தது. நானுஓயாவுக்கு ரயில் வந்தது 1885 இல். ஒன்றில் அந்தக் கோப்பை மாட்டு வண்டியில் வந்திருக்க வேண்டும், அல்லது செய்து பல காலம் கழித்து ரயிலில் வந்திருக்க வேண்டும். குறி, வடிவம் பதிவான காலத்தைச் சொல்லுமே தவிர, கோப்பை உடைந்த காலத்தைச் சொல்லாது. இரண்டாவதில் 'இங்லண்ட்' என்ற சொல்லின் பாதி. அமெரிக்கா 1890 இல் இயற்றிய சட்டத்தால், அங்கே போகும் பொருட்களில் நாட்டின் பெயர் இருப்பது 1891 முதல் கட்டாயமானது. அதன் பிறகே அந்தச் சொல் பீங்கான்களின் அடியில் பரவலாக வந்தது. மூன்றாவதில் 'ஸ்ரீலங்கா' என்று இருந்தது. நம் நாட்டின் பெயர் அப்படி மாறியது 1972 இல். ஆகவே அந்தச் சரிவின் மண் 1972 க்குப் பிறகும் புரண்டிருக்கிறது. கலவையில் எது கடைசியோ அதுதான் கலவையின் வயது என்ற விதி, புத்தகத்தில் வாசித்ததைவிடக் கறட் பாத்தியில் நன்றாக விளங்கியது.

மிச்சமெல்லாம் மண்சட்டி ஓடுகள். எங்கள் எண்ணிக்கையில் அவையே மிகப் பெரும்பங்கு. அவற்றை உம்மாவின் மீன் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. அவை 1890 ஆ, 1990 ஆ? என்னால் சொல்ல முடியாது. பங்களாவில் தேநீர் குடித்தவருடைய கோப்பைக்கு வருடக் கணக்கில் வயது சொல்லிவிட்டேன். அந்தக் குசினியில் சமைத்தவருடைய சட்டிக்கு ஒரு நூற்றாண்டுக்குள் கூட வயது சொல்ல முடியவில்லை. லயத்துப் பக்கம் தேடியிருந்தால் இன்னும் குறைவாகத்தான் கிடைத்திருக்கும். சிரட்டை உக்கிவிடும். ஓட்டை விழுந்த அலுமினியப் பாத்திரம் பழைய சாமான் வாங்குபவரிடம் போய்விடும்.

ஆய்வாளர்களுக்கும் இதே சிக்கல்தான். தூர தேசத்து மெருகுப் பாண்டமும் மெல்லிய தட்டும் அடிக்கடி மாறுவதால் வயது சொல்கின்றன. அவற்றை வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் வர்த்தகரும் பிரபுக்களும் மடாலயங்களும். சமையல் சட்டியோ மெதுவாகவே மாறும். ஆகவே பளபளப்பதை மட்டும் பொறுக்குகிறவருக்கு, சாதாரண மக்கள் வாழ்ந்த இடம் ஒன்றுமே இல்லாத இடமாகத் தெரியும். அநுராதபுரச் சுற்றுப்புற ஆய்வு மதிப்புப் பெறுவது இங்கேதான். வெறும் சட்டி ஓடு சிதறிக் கிடந்த திட்டுகளையும் அவர்கள் பதிவு செய்ததால், சின்னச் சின்னக் கிராமங்கள் தோன்றி மறைந்த விதம் தெரிந்தது. அநுராதபுரத்தைத் தவிர அந்தப் பரப்பில் இன்னொரு நகரம் காணப்படவில்லை என்பதும், நாட்டுப்புறத்தில் பௌத்த மடாலயங்களே ஒழுங்கமைக்கும் நிலையங்களாக இருந்தன என்பதும் அந்த நடையில் பிறந்த முடிவுகள்.

ஒரு விஷயத்தை இதை வாசிக்கும் தங்கைமாருக்குச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் கறட் தோட்டத்தில் செய்ததைப் பழைய இடங்களில் செய்யக்கூடாது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் நமது தொல்பொருட்களைப் பாதுகாக்கிறது. 1815 மார்ச் 2 என்ற நாள் அதில் ஓர் எல்லைக் கோடு. கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள் அது. நிலம் நமதாக இருந்தாலும், அதற்குள் மறைந்திருக்கும் தொல்பொருள் நமதாகிவிடாது. பழைய ஓடு கண்ணில் பட்டால், கிடந்த இடத்திலேயே விட்டு, பக்கத்தில் ஒரு பேனையை அளவுக்கு வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்கலாம். தரம் 6 இல் இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த நீலத்தை விட்டு வந்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

இப்போது அதைத் திணைக்களத்திடம் ஒப்படைப்பதென்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். அதற்கு முன் ஒரு சீட்டு எழுத வேண்டும். எடுத்த வருடமும் மாதமும் ஞாபகம் இருந்தன, எழுதிவிட்டேன். இடத்துக்காக வாப்பா மாமிக்குக் கோல் எடுத்து, அன்று வேனை எங்கே நிறுத்தினோம் என்று கேட்டார். மாமி யோசித்துவிட்டு, கேதீச்சரத்துப் பக்கம் ஒரு தரம், வங்காலைக் கடற்கரையில் ஒரு தரம், திரும்பி வரும்போது பாலத்தடியில் ஒரு தரம் என்று மூன்று இடம் சொன்னார். மூன்றையும் எழுதி, மூன்றுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.